பழைய புகைக்கூட்டுக்குள் எந்த அடுப்பு பொருந்தும்?

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கும் எங்கள் வளவில் மிகப் பழைய பொருள் குசினிப் புகைக்கூடுதான். 2009 தொடக்கத்தில் போரால் நாங்கள் வீட்டை விட்டுப் போனபோது கூரை இருந்தது, கதவு நிலைகள் இருந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அவை ஒன்றும் இல்லை, சுவரிலும் பாதி இல்லை. புகைக்கூடு மட்டும் கரி படிந்தபடி நின்றது. ஐயா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சுத்தித்தான் குசினி கட்டவேணும்" என்றார். அப்படித்தான் கட்டினோம். அதன் கீழே மூன்று கல் வைத்து அம்மா சமைத்தார். செட்டிகுளம் முகாமில் மூன்று கல்லில் சமைத்துப் பழகியவர்களுக்கு, அந்தக் கல்லுக்கு மேல் ஒரு புகைக்கூடு இருப்பதே அப்போது வசதியாகத் தெரிந்தது.

பிறகு காஸ் அடுப்பு வந்தது. மூன்று கல் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் என்று ஒதுங்கிவிட்டது. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்தி வந்தது, 2022இல் சிலிண்டர் வரிசை வந்தது, விலையும் ஏறியது. நாங்கள் திரும்பவும் விறகுக்கு வந்தோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் கூடுதலான குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. அதனால் விறகுக்குத் திரும்பியது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. புகைதான் பெரிய விஷயம். பத்து வருடத்துக்கு முன் தாங்கிய புகையை அம்மாவால் இப்போது தாங்க முடியவில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணிக்கு நெருப்பு மூட்டினால் எட்டு மணி வரைக்கும் இருமல். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம் போன்றவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகு அந்த இருமலைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

சரி, நல்ல விறகடுப்பு ஒன்று வாங்குவோம் என்று கிளிநொச்சிக்குப் போனேன். அங்கேதான் முதல் பிழை விட்டேன். அடுப்பைப் பார்த்தேனே தவிர, அது போய் இருக்கப்போகும் இடத்தை அளக்கவில்லை. ரொக்கெட் அடுப்பு என்று சொல்லி விற்ற ஒரு தகர அடுப்பை வாங்கி வந்து திட்டில் வைத்தால், இடியப்பச் சட்டியை அதன் மேல் ஏற்றி இறக்க முடியவில்லை. புகைக்கூட்டின் விளிம்பில் தட்டு இடித்தது. அது நான்கு நாளில் குசினியை விட்டு வெளியே போனது.

என்னைத் திருத்தியது நோர்வேயில் இருக்கும் அக்கா. அங்கே வீட்டுக்குள் குளிர்காயப் பழைய செங்கல் அடுப்புமாடம் இருக்கும். அதன் வாய்க்குள் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு ஒன்றை அவர்கள் இறக்கியிருக்கிறார்கள். திறந்த மாடத்தில் எரித்தால் சூட்டில் பெரும்பங்கு புகைக்கூடு வழியே வானத்துக்குப் போய்விடுமாம். மூடிய அடுப்பில் முக்கால்வாசி அளவுக்கு அறைக்குள் நிற்குமாம். 1998இலிருந்து அங்கே புதிதாக வைக்கும் விறகடுப்பு குறைந்த புகை விடுவதாக இருக்கவேண்டும் என்பது சட்டம். புகைக்கூட்டைப் பார்க்க நகரசபை ஆள் அனுப்பும். எங்கள் வெயிலுக்கு அந்த அடுப்பு தேவையில்லை. அதை இங்கே மூட்டினால் நாங்கள்தான் அவிந்துபோவோம். ஆனால் அக்கா போனில் கேட்ட கேள்விகள் இங்கேயும் அப்படியே பொருந்தின. "கடைக்காரன் அடுப்பைக் காட்ட முதல் மூண்டு விஷயம் கேட்டான். மாடத்தின்ரை வாய் எவ்வளவு? மேலை போற குழல் எவ்வளவு? என்ன விறகு எரிப்பியள்? நீ இதிலை ஏதாவது பாத்தியா?"

பார்க்கவில்லை. அளக்கும் ரேப்பை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

"என்ன பிள்ளை, அடுப்படிக்கு உறுதி எழுதப்போறியோ?" என்று அம்மா சிரித்தார்.

திட்டின் உயரம் நிலத்திலிருந்து 27 அங்குலம். ஆழம் 24. புகைக்கூட்டின் வாய் அகலம் 48, திட்டிலிருந்து விளிம்பு வரை உயரம் 36. மேலே போகும் குழல் உட்பக்கம் 9க்கு 9. இந்த எண்களை அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "குழல் காணாது."

மேசன்மார் பலருக்குத் தெரிந்த கணக்குத்தான் இது. சதுரக் குழல் என்றால் அதன் குறுக்குப் பரப்பு, கீழே திறந்திருக்கும் வாயின் பரப்பில் பத்தில் ஒன்றாவது இருக்கவேண்டும். எங்கள் வாய் 48 x 36, அதாவது 1728 சதுர அங்குலம். பத்தில் ஒன்று கிட்டத்தட்ட 173. குழலோ 81தான், தேவையில் பாதிகூட இல்லை. பெரிய வாய் வழியே குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகும், புகையோடு கலந்து அதன் சூட்டைக் குறைக்கும். சூடு குறைந்த புகை மேலே ஏறாமல் சோம்பி நிற்கும், பிறகு விளிம்பு வழியே வழிந்து குசினிக்குள் வரும். அம்மாவின் இருமலில் பாதி இந்தக் கணக்கில் இருந்தது. எந்த அடுப்பை வாங்கி வைத்திருந்தாலும் அந்தப் பாதி போயிருக்காது.

குழலைப் பெருப்பிப்பது என்றால் இடித்துக் கட்டவேண்டும். ஐயா விட்ட கூட்டை இடிக்க அம்மா சம்மதிக்கமாட்டார். அதனால் வாயைச் சிறுப்பித்தோம். இதற்குக் காசே செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஈரச் சாக்கு ஒன்றை விளிம்பில் தொங்கவிட்டு, கீழே கொஞ்சம் ஈர வைக்கோலைப் புகைய விடுங்கள். சாக்கை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். எந்த இடத்தில் புகை வெளியே வழிவது நிற்கிறதோ அதுதான் உங்கள் விளிம்பு. எங்களுக்குச் சாக்கு 9 அங்குலம் இறங்கவேண்டியிருந்தது. அதோடு இரண்டு பக்கமும் 9 அங்குலத்துக்குச் செங்கல் வைத்து அடைத்தோம். இப்போது வாய் 30 x 27, அதாவது 810. குழல் 81. கணக்குச் சரியாக வந்ததைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. சாக்கு நின்ற இடத்தில் பிறகு தகரத் துண்டு அடித்தோம்.

அடுத்தது கூட்டின் தலை. பழைய குசினிக்குக் கிடுகுக் கூரை, பதிவானது. புதிதாகக் கட்டியவர்கள் தகரம் போட்டுக் கூரையை உயர்த்திவிட்டு, புகைக்கூட்டைப் பழைய உயரத்திலேயே விட்டுவிட்டார்கள். யாரும் அதை யோசிக்கவில்லை; நாங்களும் யோசிக்கவில்லை. கூட்டின் தலை இப்போது முகட்டுக்கு ஓரடி கீழே நின்றது. அதுவும் முகட்டின் வடகிழக்குப் பக்கத்தில். வைகாசியில் சோளகம் தொடங்கினால் காற்று தென்மேற்கிலிருந்து முகட்டை ஏறிக் கடந்து, இந்தப் பக்கம் இறங்கும்போது நேரே புகைக்கூட்டுக்குள் இறங்கும். மூட்டிய புகை முகத்துக்கே திரும்பி வரும். "சோளகத்திலைதான் அடுப்பு குணங்காட்டும்" என்று அம்மா வருடக்கணக்காகச் சொல்லி வந்தது இதைத்தான். பத்தடி தூரத்துக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பாகத்தையும் விட இரண்டடியாவது கூடுதலான உயரத்தில் குழலின் தலை இருக்கவேண்டும். மூன்றடி கட்டி உயர்த்தி, மாரி மழை உள்ளே விழாமல் நான்கு காலில் ஒரு தகரத் தொப்பி வைத்தோம். உள்ளே பழைய குருவிக்கூடு ஒன்றும் இரண்டு கடகம் கரியும் இருந்தன. கயிற்றில் தென்னம்பாளையைக் கட்டி மேலும் கீழும் இழுத்துத் துப்புரவாக்கினோம். அந்த வேலை செய்த மேசன் அண்ணைக்குக் கூலி கொடுத்த காசு, பிறகு வாங்கிய அடுப்பின் விலையைப் போலப் பல மடங்கு. ஆனால் யாராவது என்னிடம் எங்கே செலவழிப்பது என்று கேட்டால் முதலில் கூரைக்கு மேலே செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அடுப்புகளை ஒப்பிடுவதில் அர்த்தம் இருந்தது. ஏனென்றால் இப்போது எனக்கு எல்லை தெரியும்: அகலம் 30, ஆழம் 24, உயரம் 27.

மூன்று கல்லையும் இரும்பு முக்காலியையும் முதலில் பேசிவிடுவோம். திட்டுகிற அளவுக்கு அவை மோசமில்லை. எந்தச் சட்டியும் ஏறும், எந்த விறகும் நுழையும், கிடாரம் வைத்தாலும் ஆடாது. காசு வேண்டாம். புகைக்கூட்டைச் சரியாக்கிய பின் மூன்று கல்லிலேயே சமைத்துப் பார்த்தோம். புகை முன்பைவிட நன்றாகக் குறைந்தது. ஆனால் விறகு தின்னும். நாலாபக்கமும் காற்று அடிப்பதால் சுவாலை சட்டியைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் ஒன்றரைப் பங்குதான் சட்டிக்குள் போகும். விறகு சொந்த வளவிலேயே தாராளமாகக் கிடைக்கும், ஆட்கள் நிறையச் சமைக்கும் வீடு என்றால் இதுவே போதும் என்று சொல்லத் தயங்கமாட்டேன். எங்களுக்கு விறகு காசு.

அடுத்தது அனகி. இந்தப் பெயர் சிங்களச் சொல். அருமையானது என்று பொருள். 1980களில் இலங்கை மின்சார சபையும் ஐடிடிஜி என்ற பிரித்தானிய அமைப்பும் சேர்ந்து விறகைச் சேமிக்க என்று உருவாக்கிய இரட்டை வாய் மண் அடுப்பு இது. குயவர்கள் வனைந்து சூளையில் சுடுகிறார்கள். முன்னால் விறகு வைக்க ஒரே வாசல், மேலே இரண்டு சட்டிக்கு இடம். முதல் சட்டியின் கீழ் எரியும் சுவாலை உள்ளே ஒரு வழியால் போய் இரண்டாம் சட்டியையும் சூடாக்கும். ஒழுங்காகப் பாவித்தால் மூன்று கல்லைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விறகு மிஞ்சும். எல்லா அடுப்பிலும் மலிவும் இதுதான்.

அப்புறம் ஏன் பலபேர் இதைக் குறை சொல்கிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, வாங்கி வந்து அப்படியே வெறுமனே வைத்து எரிக்கிறார்கள். வெறும் அனகி சூட்டுக்கும் தண்ணீர் பட்டும் வெடித்து ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதைச் சுற்றிப் புற்றுமண்ணும் சாணமும் அரிந்த வைக்கோலும் குழைத்து இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் அப்பினால் சூடும் உள்ளே நிற்கும், அடுப்பும் பல வருடம் நிற்கும். இரண்டாவது, இரண்டாம் வாயைத் திறந்தே விடுகிறார்கள். ஒரு சட்டிதான் சமைக்கிறீர்கள் என்றாலும் மற்றதில் கேத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் சுவாலையும் புகையும் அந்த ஓட்டையால் வெளியே போகும், மூன்று கல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. இரண்டாம் வாயில் சோறு பொங்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பருப்பு மெல்ல அவியும், வெந்நீர் ஆறாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த அளவு எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

எங்கள் திட்டில் இதற்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஆழம் 24 அங்குலம் என்பதால் அனகியை நேராக வைத்தால் விறகு வாசல் திட்டின் விளிம்புக்கே வந்துவிட்டது. விறகின் வால் புகைக்கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, வாசலில் வரும் புகை கூட்டுக்குள் போகாமல் சமைப்பவர் முகத்துக்கு வந்தது. அதோடு பின் சட்டியைக் கிண்ட முன் சட்டிக்கு மேலால் கையை நீட்டவேண்டும். முழுக்கக் குறுக்கே வைத்தால் விறகு பக்கச் செங்கலில் முட்டும். கடைசியில் சரித்து வைத்தோம்: வாசல் வலப்பக்க முன்மூலையைப் பார்க்க, பின் சட்டி இடப்பக்கம் உள்ளே. வாசல் விளிம்பிலிருந்து நான்கைந்து அங்குலம் உள்ளே போய்விட்டது. இரண்டு சட்டிக்கும் கை எட்டுகிறது. மண் அப்ப முதல் ஒரு கிழமை இப்படிச் சரித்தும் திருப்பியும் வைத்துச் சமைத்துப் பாருங்கள். அப்பிய பிறகு திருப்ப முடியாது.

உயரக் கணக்கும் இங்கேதான் தீர்ந்தது. நான் வாங்கிய அனகி 8 அங்குலம். இடியப்பச் சட்டி 9, அதன் மேல் தட்டு அடுக்கும் மூடியும் 8. மொத்தம் 25. விளிம்பு 27. இரண்டு அங்குல இடைவெளியில் தட்டு இறங்கும். ரொக்கெட் அடுப்பு 20 அங்குலம், அதில் மொத்தம் 37. வாயைச் சிறுப்பிக்க முதல் இருந்த 36 அங்குல விளிம்பிலேயே அது இடித்தது. உள்ளே இடம் தாராளமாக இருந்தாலும் வாயால் எடுக்க முடியாது. பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி வைத்தாலும் இதே கதைதான். சோறும் கறியும் மட்டும் கணக்குப் பண்ணி அடுப்பு வாங்கக்கூடாது. உங்கள் வீட்டில் மிக உயரமாக அடுக்கிச் சமைப்பது எது என்று பார்த்து அளக்கவேண்டும்.

ரொக்கெட் அடுப்பைப் பற்றி என் கோபத்தை ஒதுக்கிவைத்துப் பேசினால், தத்துவப்படி எல்லாவற்றிலும் கெட்டிக்கார அடுப்பு அதுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் இதன் விதிகளை வகுத்தார். முழங்கை போல வளைந்த ஒரு குழாய். கீழ்க்கையில் விறகு, மேல்கை குட்டைப் புகைக்கூடு. குழாயைச் சுற்றிச் சாம்பல் போலப் பாரமில்லாத, சூடு கடத்தாத பொருள் நிரப்பியிருக்கும். நெருப்பு உள்ளேயே மிகச் சூடாக எரிவதால் புகையும் சேர்ந்து எரிந்துவிடும். நன்றாகச் செய்த ரொக்கெட் விறகின் சூட்டில் கால்வாசிக்கு மேல் சட்டிக்குக் கொடுக்கும். ஆனால் அதற்குப் பெருவிரல் தடிப்பில் பிளந்த, காய்ந்த விறகு வேண்டும். எங்களுக்கு வருவது முழங்கால் தடிப்புக் குற்றி. தினமும் கோடாலியோடு நிற்க யார் இருக்கிறார்கள்? இரண்டு சுள்ளி தள்ளிவிட்டு அம்மா தேங்காய் துருவப் போனால் திரும்பி வரும்போது அணைந்திருக்கும். சுவாலை ஒரே இடத்தில் குத்துவதால் மண்சட்டியில் மீன்கறி வைக்க அவர் பயந்தார். ஒடியல் கூழைத் துழாவும்போது அடுப்பே ஆடியது. கடையில் விற்பவற்றில் பல, வெறும் தகரத்துக்குள் தகரம். நடுவில் ஒன்றும் நிரப்பியிருக்காது. தட்டிப் பாருங்கள், கிணுகிணுத்தால் வாங்காதீர்கள். இளம் குடும்பம், இரண்டு மூன்று பேர், அலுமினியச் சட்டி, பனைமட்டையோ சீமைக்கிளுவைக் கம்போ நிறையக் கிடைக்கும் வளவு, திறந்த விறாந்தை: அப்படி ஒரு வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பழைய புகைக்கூட்டுத் திட்டில் ஏற்ற இது தோதில்லை. நிலத்தில் இருக்கவேண்டிய அடுப்பு.

நோர்வே அடுப்புக்கு மிக நெருங்கியது, செங்கல்லும் மண்ணும் கொண்டு திட்டிலேயே கட்டி, தனிக் குழாயை நேரே புகைக்கூட்டுக் குழலுக்குள் விடும் அடுப்பு. இதை நான் ஆசைப்பட்டேன். விறகு வாசல் ஒன்று, மேலே இரண்டு வட்டம், சட்டி அந்த வட்டத்தை முழுக்க அடைத்து உட்காரும், புகை வெளியே வர வழியே இல்லை. சரியாகக் கட்டினால் குசினிச் சுவர் வெள்ளையாகவே இருக்கும். இதை வைத்திருக்கும் உறவுக்கார மாமி ஒருவரின் வீட்டுக்கு முறிகண்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். சுவர் வெள்ளைதான். ஆனால் மாமிக்கு இரண்டே சட்டி. வட்டத்துக்குப் பொருந்தும் அந்த இரண்டில்தான் எல்லாம். சிறிய தாச்சி வைத்தால் சந்தால் புகை வரும், பெரிய பானை வைத்தால் ஆடும். குழாயில் தடுப்புத் தகடு இல்லாததால் சூடு சட்டியைத் தாண்டி நேரே மேலே ஓடுகிறது. விறகு மிச்சமே இல்லை என்கிறார். தகடு வைத்தால் அந்தக் குறை தீரும், ஆனால் அதைத் திறக்கவும் மூடவும் பழகவேண்டும். மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றிக் கரி தட்டவேண்டும், விட்டால் இரண்டாம் மாதம் அடைக்கும்.

இதைக் கட்டுபவர்களுக்கு இரண்டு சொல். குழாய் நான்கு அங்குலத்துக்குக் குறையக்கூடாது, முழங்கை வளைவுகள் முடிந்தவரை வேண்டாம். வளவில் கிடக்கிறது என்று பழைய அஸ்பெஸ்டஸ் குழாயை எடுத்து வைக்காதீர்கள். சூட்டில் வெடிக்கும், தூள் சுவாசத்துக்குப் போகும். தகரக் குழாயோ சுட்ட மண் குழாயோ போதும். குழாய் புகைக்கூட்டுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியைச் செங்கல்லும் மண்ணும் வைத்து அடைக்கவும் வேண்டும். அடைக்காமல் விட்டால் கூடு குசினிக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், அடுப்புப் புகையை இழுக்காது.

உமி அடுப்பையும் மரத்தூள் அடுப்பையும் விட்டுவிட முடியாது. இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல்லெல்லாம் ஆலைக்குப் போகும் ஊர் இது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒன்று உமி. மரக்காலையில் தூளும் கிடைக்கும். ஒரு தகர வாளியின் நடுவில் பொல்லு ஒன்றை நிறுத்தி, சுற்றி இறுக்கி அடைத்து, பொல்லை உருவிவிட்டுக் கீழே மூட்டினால் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே சீராக எரியும். நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச இதைப்போல ஒன்று இல்லை. ஆனால் மூட்டியதும் முதல் கால்மணி நேரம் புகை மண்டும். மூட்டிவிட்டால் இடையில் நிறுத்தவும் முடியாது. ஒரு தேத்தண்ணிக்காக யாரும் வாளி அடைக்கமாட்டார்கள். உமியின் எடையில் ஐந்தில் ஒன்று சாம்பலாகவே நிற்கும், அதைக் கொட்ட இடமும் வேண்டும். (அம்மா அதைக் கத்தரிக்கன்றுக்குப் போடுகிறார்.) குசினிக்குப் பின்னால் இரண்டாவது அடுப்பாக வைக்கலாம், ஒரே அடுப்பாக வேண்டாம்.

மின்விசிறி வைத்து ஊதும் அடுப்புகளும் இப்போது வருகின்றன. புகை மிகக் குறைவு, நீலச் சுவாலை எரியும். விசிறி பழுதானால் திருத்த ஆள் எங்கே என்று கேட்டேன். கொழும்பு என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

அக்காவின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: என்ன விறகு? எங்களைப்போலப் பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர்தான். எரிகிற நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போகும், மிஞ்சுவதும் புகைந்து புகைந்துதான் எரியும். நோர்வேயில் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் எரிக்கவேண்டாம் என்பார்களாம். அங்கே அதை அளக்க ஊசி போட்ட கருவி இருக்கிறது. இங்கே இரண்டு துண்டைத் தட்டிப் பார்க்கும் காது போதும்: காய்ந்தது கணீரென்று கேட்கும், பச்சை மொத்தென்று கேட்கும்.

காட்டுப் பாலை, வீரை போல நின்று எரியும் விறகு இல்லை என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். தணல் விடியும் வரை கிடக்கும். ஆனால் அது காட்டில் நிற்கவேண்டிய மரம். அனுமதியில்லாமல் வெட்டி ஏற்றி வருவதை வாங்கி எரிக்க எனக்கு மனமில்லை. எங்கள் வேலியில் சீமைக்கிளுவை நிற்கிறது. 2005இல் அரசாங்கம் அதைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. வெட்ட வெட்டத் தழைக்கும். குழை ஆட்டுக்கு, கம்பு அடுப்புக்கு. கோடையில் இரண்டு மாதம் போட்டால் காய்ந்துவிடும், தடிப்பும் அனகி வாசலுக்கு அளவெடுத்தது போல இருக்கும். பனைமட்டை, ஊமல், சிரட்டை எல்லாம் மூட்டுவதற்கு. தென்னைமட்டை சடசடவென்று எரிந்து சாம்பலாகும். தேத்தண்ணிக்குச் சரி, சோற்றுக்குக் காணாது.

பிரச்சினை மாரியில்தான். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் விறகு காயாது. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகு அடுக்குவார்கள். புகைக்கூடு வந்ததும் பரண் போய்விட்டது. நாங்கள் திட்டின் இரண்டு பக்கமும் அடைத்த செங்கல்லுக்கு முன்னால், திட்டோடு ஒட்டி, அடுத்த நாள் விறகை நிறுத்தி வைக்கிறோம். அனகியின் மண் சுவர் இரவெல்லாம் சூடாக இருப்பதால் விடியும்போது தட்டினால் கணீரென்கிறது. நெருப்புத் தூரத்தைப் பார்த்து வைக்கவேண்டும், அது முக்கியம். கிடுகு, ஓலைக் கூரைக் குசினி என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

ஆக, எங்கள் 30 x 24 x 27க்குள் அனகி போனது. முன்பு ஒன்றரை நாளில் முடிந்த விறகுக் கட்டு இப்போது இரண்டு நாளைத் தாண்டிப் போகிறது. அம்மாவின் காலை இருமல் முழுதாகப் போகவில்லை, ஆனால் தேத்தண்ணி கொதிக்க முதல் நின்றுவிடுகிறது. கட்டிய அடுப்பு இன்னும் என் மனதில் இருக்கிறது. ஐந்தாறு பேர் உள்ள, ஒரே அளவுச் சட்டியில் தினமும் சமைக்கும் வீடாக இருந்திருந்தால் அதையே எடுத்திருப்பேன். எங்கள் வீட்டில் ஒரு நாள் பிட்டு, ஒரு நாள் கூழ், விருந்தாட்கள் வந்தால் கிடாரம்.

கிடாரத்துக்கு மூன்று கல் கிணற்றடியில் இருக்கிறது. தைப்பொங்கலுக்கும் அதுதான், முற்றத்தில் பொங்கும்போது புகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய ரொக்கெட் அடுப்பைப் பின் விறாந்தையில் நிலத்தில் வைத்து, கோழிக்குக் குருணை அவிக்கிறோம். அங்கே அது அழகாக வேலை செய்கிறது, இடிக்க ஒரு விளிம்பும் இல்லை.

புரட்டாதியில் ஒரு வேலை இருக்கிறது. அனகியின் வாசலடியில் மண் வெடித்திருக்கிறது, மழைக்கு முதல் அப்பவேண்டும். புற்றுமண் எடுக்க வரச்சொல்லி அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.